ஆயக்குடியிலிருந்து அந்தமானுக்கு: ஒரு குடும்பம் போய்வரத் திட்டமிடும் முறை

தீவில் விடுமுறை என்றால் தேதியைக் குறிப்பது கடலும் காற்றும்தான். விடுப்பு, டிக்கெட், தங்கும் அறை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. பழனி மலையடிவாரத்து ஆயக்குடிக்காரர்களுக்கு இது பழகாத கணக்கு. அவர்களுக்கு விடுமுறை என்றதும் நினைவுக்கு வருவது கொடைக்கானல். காலையில் மனது வைத்தால் மலைப்பாதையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு மேலே போய்விடலாம். மழை பிடித்துக்கொண்டால் அன்று மாலையே இறங்கிவிடலாம். தீவில் அப்படி முடியாது. காற்று வலுத்தால் படகு கிளம்பாது. படகு வரவில்லை என்பதற்காக விமானம் காத்திருக்கவும் செய்யாது. இந்த ஒன்றை முதலில் மனதில் வைத்துவிட்டுத் திட்டம் போட்டால் மற்றவை வரிசையாக வந்து சேரும்.

எந்தத் தீவு

ஆயக்குடியிலிருந்து போய்வரக்கூடிய வெப்பமண்டலத் தீவுகள் மூன்று வகை.

மிக அருகில் இருப்பது பாம்பன் தீவு. ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும் அதில்தான் இருக்கின்றன. 1914-இல் திறந்த ரயில் பாலத்தின் இடத்தில் 2025 ஏப்ரலில் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் வந்துவிட்டது. சாலைப் பாலமும் இருப்பதால் படகுக் கவலையே இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளும் இருபுறமும் கடல் சூழ்ந்த மணல்திட்டும் இரண்டு நாள் பயணத்துக்குப் போதும்.

இரண்டாவது இலட்சத்தீவு. பவளப்பாறை வளையமும் அதற்குள் அசையாத நீரும்தான் அதன் அழகு. கொச்சியிலிருந்து கப்பலிலோ, அகத்தித் தீவுக்கு விமானத்திலோ போகலாம். ஆனால் இந்தியக் குடிமக்களுக்கும் அங்கே நுழைவு அனுமதி வேண்டும். தங்குமிடங்கள் குறைவு. ஆகவே அனுமதி கிடைக்கும் தேதிதான் பயணத் தேதி.

மூன்றாவது அந்தமான். வழக்கமாகச் சுற்றுலாப் பயணிகள் போகும் தீவுகளுக்கு இந்தியக் குடிமக்கள் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. அரசு அடையாள அட்டை போதும். விமானம், கப்பல் இரண்டும் உண்டு. எல்லா விலையிலும் அறை கிடைக்கும். காடு, கடற்கரை, பவளம், சுதந்திரப் போராட்ட வரலாறு என்று குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்று அங்கே இருக்கிறது. முதன்முறை தீவுக்குப் போகும் குடும்பத்துக்கு ஏற்றது இதுதான். நிக்கோபார் தீவுகள் இதில் சேராது. அவை பழங்குடிகளுக்காக ஒதுக்கப்பட்டவை. சுற்றுலாவாகப் போக முடியாது.

பெயர்களையும் தெரிந்துகொள்வது நல்லது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு ஆனது. நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது. ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயர் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் ஒரு பெயரும் ஆட்டோக்காரர் வாயில் இன்னொரு பெயரும் இருக்கலாம். முன்பதிவின்போது இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

எப்போது போவது

ஸ்ரீ விஜயபுரமும் ஆயக்குடியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் மழை இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி இல்லை. பழனி மலையின் மறைவில் இருக்கும் ஆயக்குடிக்குத் தென்மேற்குப் பருவமழை பெரிதாக எட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே அங்கே வெள்ளாமை. அந்தமானில் இரண்டு பருவமழையும் கொட்டும். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர்.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் முன்பே அந்தமான் கடலுக்கு வந்துவிடும். மே மூன்றாவது வாரம் அதன் வழக்கமான நேரம். அங்கிருந்து செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வங்கக்கடலில் புயல் உருவாகும் காலம். ஆக, தெளிந்த வானமும் அடங்கிய கடலும் வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய உள்ள நான்கு மாதங்கள்தான். அவற்றிலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீர் தெளிவாக இருக்கும். கூட்டமும் சற்றுக் குறையும்.

இந்த நான்கு மாதத்தை ஆயக்குடியின் நாட்காட்டியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மூன்று இடைவெளிகள் கிடைக்கும். அரையாண்டு விடுமுறை ஒன்று. ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தில் விமானக் கட்டணமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் விடுப்பு சேர்த்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசி வாரத்தில் போவது. வெயில் கூடுதலாக இருந்தாலும் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கோடை விடுமுறைதானே என்று மே கடைசிக்குத் தள்ளினால் பருவமழையை எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

கொய்யாத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. காய் முற்றிவிட்டால் பறித்தாக வேண்டும். பழுத்த கொய்யா ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது, இந்தப் பயணத்துக்கு வேண்டிய ஒன்பது நாள் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. பறிப்புக்கும் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் பொறுப்பான ஆள் கிடைக்கும் நாட்களைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். தைப்பூசம், பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்களில் பழனிக்கு வரும், பழனியிலிருந்து போகும் ரயிலும் பேருந்தும் நிரம்பி வழியும். பாதயாத்திரைக் கூட்டத்தால் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். அந்த நாட்களில் விமானத்தைப் பிடிக்கப் புறப்படுவது வேண்டாத பதற்றம்.

எப்படிப் போவது

அந்தமானுக்குத் தமிழ்நாட்டின் வாசல் சென்னை. பழனி வழியாகச் செல்லும் பாலக்காடு – சென்னை சென்ட்ரல் விரைவு ரயில் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் வழியாக இரவுப் பயணத்தில் சென்னை போய்ச் சேர்கிறது. ஆயக்குடியிலிருந்து பழனி ரயில் நிலையம் பக்கம்தான். காரில் மதுரைக்கோ கோவைக்கோ போய் அங்கிருந்து சென்னைக்கு விமானம் ஏறும் வழியும் உண்டு. செலவு கூடும், நேரம் மிச்சமாகும்.

சென்னையிலிருந்து விமானம் சுமார் இரண்டேகால் மணி நேரம். ரயில் இறங்கிய அதே காலையில் புறப்படும் விமானத்துக்கு டிக்கெட் போடுவது ஆபத்து. ரயில் தாமதமானால் குடும்பம் முழுவதற்கும் வாங்கிய டிக்கெட் வீணாகிவிடும். ரயிலுக்கும் விமானத்துக்கும் இடையில் அரை நாளாவது இருக்கட்டும். பெரியவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வந்தால் சென்னையில் ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது.

கப்பல் பயணம் தனி அனுபவம். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குச் சுமார் 1200 கிலோமீட்டர். ஏறத்தாழ மூன்று நாள். மாதத்தில் சில தடவைகளே கப்பல் உண்டு. கப்பல் அட்டவணை மாறக்கூடியது. கையில் இரண்டு வாரத்துக்கு மேல் நாட்கள் இருப்பவர்கள் போகும்போது கப்பலிலும் திரும்பும்போது விமானத்திலும் வரலாம். விடுப்பு எண்ணி எடுப்பவர்களுக்குக் கப்பல் ஒத்துவராது.

மத்திய அரசு ஊழியர்கள் விடுப்புப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் போக அனுமதிக்கும் சிறப்புத் தளர்வு அவ்வப்போது நீட்டிக்கப்படுகிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நடப்பு ஆணையை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, விதிப்படியான வழியில் டிக்கெட் வாங்க வேண்டும். வேறு வழியில் வாங்கினால் பணம் திரும்ப வராமல் போகலாம்.

எத்தனை நாள், எந்த வரிசையில்

தீவில் ஆறு இரவுகள் இருந்தால் அலைச்சல் இல்லாமல் பார்க்கலாம். முன்னும் பின்னும் பயண நாட்களைச் சேர்த்தால் வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்ப ஒன்பது நாள் ஆகும்.

முதல் நாள் ஸ்ரீ விஜயபுரத்தில் செல்லுலார் சிறை. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த இந்தச் சிறைக்கு ஏழு சிறகுகள் இருந்தன. இன்று மூன்றே மிஞ்சியிருக்கின்றன. ஒரு சிறகின் அறை வாசல் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியதால், ஒரு கைதி இன்னொருவர் முகத்தைப் பார்க்க வழியில்லை. 1979-இல் இது தேசிய நினைவகமானது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வரலாற்றைச் சொல்லிக் கூட்டிப்போனால் அந்த அறைகள் அவர்களோடு பேசும். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. எந்த மொழியில் எப்போது என்று கேட்டு டிக்கெட் வாங்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக். அங்கே இரண்டு இரவு. மேற்கு நோக்கிய ராதாநகர் கடற்கரை 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. மாலைச் சூரியனுக்கு அதைவிட நல்ல இடம் அங்கே இல்லை. கிழக்குப் பக்கத்துக் காலாபத்தர் காலைக்கு ஏற்றது. எலிஃபண்ட் கடற்கரையில் முகமூடி அணிந்து நீர்ப்பரப்பில் மிதந்தபடி பவளத்தைப் பார்க்கலாம்.

நான்காம் நாள் நீல் தீவு. ஹேவ்லாக்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். சிறிய தீவு, காய்கறி விளையும் ஊர். மண்ணோடு பழகிய ஆயக்குடிக்காரர்களுக்கு இந்தத் தீவு ஒட்டிக்கொள்ளும். அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்தை வற்றுநேரத்தில்தான் நடந்து போய்ப் பார்க்க முடியும். கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே தங்கும் விடுதியில் மறுநாள் வற்றுநேரத்தைக் கேட்டு அதற்கேற்பக் காலையை வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் நாள் மாலை ஸ்ரீ விஜயபுரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஆறாம் நாள் ராஸ் தீவு, சிடியா தபு, வண்டூர் கடல் தேசியப் பூங்கா என்று ஊரைச் சுற்றியுள்ள இடங்கள். ஏழாம் நாள் விமானம்.

ஊருக்குள் வெற்றிமலை முருகன் கோவில் இருக்கிறது. அந்தமானில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். பழனிப் பக்கம் என்று சொன்னால் பேச்சு அதுவாகவே வளரும். அரை மணி நேரத்தை அதற்கும் ஒதுக்கலாம்.

நேரக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தமான் ஆயக்குடிக்கு 15 பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் அங்கே சூரியன் ஒரு மணி நேரம் முன்னதாக உதித்து முன்னதாகவே மறையும். கடிகாரம் மட்டும் ஒன்றுதான். ஜனவரியில் மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கிவிடும். அதிகாலையில் எழுந்து மதியத்துக்குள் பெரும்பகுதியைப் பார்த்துவிடும்படி நாளை அமைத்தால்தான் வெளிச்சம் கைகொடுக்கும்.

படகு

அறைக்கு முன் படகை உறுதிசெய்ய வேண்டும். ஹேவ்லாக்கில் அறை இருந்து படகில் இடம் இல்லையென்றால் அந்த அறையால் பயன் இல்லை. அரசுப் படகு ஹேவ்லாக்குக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும்; கட்டணம் குறைவு. தனியார் விரைவுப் படகுகள் ஒன்றரை மணி நேரத்தில் போகும். மருத்துவமனைக்கு வருபவரும் காய்கறி ஏற்றுபவரும் படிக்க வரும் பிள்ளைகளும் நம்பியிருப்பது அரசுப் படகைத்தான். கட்டணத்தைத் தாங்கக்கூடிய சுற்றுலாக் குடும்பங்கள் கூட்ட நாட்களில் தனியார் படகில் போவது தீவுக்காரர்களுக்குச் செய்யும் உதவி.

காற்று எச்சரிக்கை வந்தால் துறைமுகம் படகுகளை நிறுத்திவிடும். 2016 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது. பின்னர் வர்தா புயலாகிச் சென்னையைத் தாக்கிய அந்தச் சுழல், அந்தமான் அருகில் இருந்தபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் கப்பல்களை அனுப்பி அவர்களைக் கொண்டுவந்தன. அவ்வளவு பெரிய புயல் அடிக்கடி வருவதில்லை. ஒரு நாள் படகு நிற்பது நல்ல பருவத்திலும் நடக்கலாம். அதனால்தான் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்க வேண்டும். அன்று காலை நீலிலிருந்து படகு, மதியம் விமானம் என்று கோத்துத் தரும் சுற்றுலாத் தொகுப்புகளை ஏற்கக் கூடாது.

குமட்டல் வருபவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை எடுத்துவந்து, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

கடலில் இறங்குவது

ஹேவ்லாக்கில் நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளர் துணையோடு ஆழத்துக்கு மூழ்கிப் பார்க்கலாம். பொதுவாகப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், காதுப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். தரும் படிவத்தில் உண்மையை எழுத வேண்டும். மூழ்கும்போது அழுத்தத்தால் இரத்தத்தில் நைட்ரஜன் கூடுதலாகக் கரைகிறது. உடனே விமானத்தில் உயரே போனால் அது குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் பாதிப்பை உண்டாக்கும். ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமும் விட்டே விமானம் ஏற வேண்டும் என்பது மூழ்குநர் பாதுகாப்பு விதி. மூன்றாம் நாள் ஹேவ்லாக்கில் மூழ்குவதாக வைத்துக்கொண்டால் இந்தக் கவலை வராது.

அலையாத்திக் காட்டுக் கழிகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், பாதுகாவலர் இல்லாத இடத்திலும், இருட்டிய பின்னும் இறங்கக் கூடாது. வாய்க்காலிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவருக்குக் கடலின் இழுப்பு புதியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

பவளம் உயிருள்ளது. காலால் மிதித்தால் பல ஆண்டு வளர்ச்சி நொடியில் நொறுங்கும். கடல்நீர் சூடானதால் 1998-இலும் 2010-இலும் அந்தமான் பவளம் பெருமளவு வெளுத்தது. எஞ்சியதைப் பயணிகளின் கால்கள் அழிக்கக் கூடாது. செத்த பவளத்துண்டையும் சங்கையும் கரையிலிருந்து எடுத்துவருவதும் குற்றம். விமான நிலையச் சோதனையில் பிடிபடும். பிள்ளைகளின் பைகளைக் கிளம்பும் முன் பார்த்துவிடுவது நல்லது.

விட்டுவிட வேண்டிய இடம்

சுற்றுலாத் தொகுப்புகளில் பாராடாங் சுண்ணாம்புக் குகைப் பயணம் அடிக்கடி இடம்பெறும். சாலை வழியாகப் போனால் ஜாரவா பழங்குடிகளுக்கு ஒதுக்கிய காட்டின் ஊடாகப் போக வேண்டும். குறித்த நேரங்களில் காவலோடு வண்டிகள் வரிசையாகச் செல்லும். நிறுத்தவோ, படம் எடுக்கவோ, உணவு கொடுக்கவோ கூடாது. 1956-ஆம் ஆண்டு பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்களைக் காக்க வந்தது. வெளியாட்களிடமிருந்து தொற்றும் சாதாரணக் காய்ச்சலும் அம்மையும் அந்த மக்களுக்கு உயிராபத்து. குகையைப் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டாலும், அந்தச் சாலையில் பெரும்பாலான கண்கள் தேடுவது மனிதர்களை. மனிதர்களை வேடிக்கை பார்க்கும் பயணம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாத பாடம். அந்த ஒரு நாளை நீல் தீவுக்கே கொடுத்துவிடலாம்.

மூட்டையும் பணமும்

அசல் அடையாள அட்டை எல்லோருக்கும் வேண்டும். குழந்தைகளுக்குப் பள்ளி அட்டையோ ஆதாரோ. பருத்தி உடை, தொப்பி, ஈரம் சீக்கிரம் காயும் துண்டு, பாறையில் வழுக்காத செருப்பு, கடற்கரை மணல் ஈக்களுக்கு எதிரான தைலம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் பயண நாட்களைவிடச் சில நாட்களுக்குக் கூடுதலாக. ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர் பாட்டில். தேசியப் பூங்காத் தீவுகளில் பிளாஸ்டிக்குக்குக் கடும் தடை உண்டு.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் வந்த பின் தொடர்பு நன்றாகிவிட்டது. ஆனாலும் சிறு தீவுகளில் சமிக்ஞை விட்டுவிட்டு வரும், ஏடிஎம் குறைவு. ஒரு தொகையை ரொக்கமாக வைத்துக்கொள்வதும் டிக்கெட்டுகளைக் காகிதத்தில் எடுத்துவைப்பதும் அவசியம். சுற்றிலும் கடல் இருந்தாலும் குடிநீருக்கு மழையையே தீவுகள் நம்பியிருக்கின்றன. கோடையில் தலைநகரிலும் முறைவைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். குளியலறையில் சிக்கனமாக இருப்பது விருந்தினரின் கடமை.

முன்பதிவின் வரிசை

மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே தேதியை முடிவு செய்து சென்னை விமானத்தை எடுக்க வேண்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த அன்றே பழனி – சென்னை இருவழியும் போட்டுவிட வேண்டும். அதே காலத்தில் தீவுப் படகுகள், அதன் பிறகு அறைகள். அறை எடுக்கும்போது, படகு நின்றால் ஒரு நாள் தள்ளித்தர முடியுமா, பணம் திரும்புமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். புறப்படும் வாரத்தில் வானிலை மையத்தின் அந்தமான் அறிக்கையைத் தினமும் பார்க்க வேண்டும். காற்றழுத்தத் தாழ்வு உருவாவதாகத் தெரிந்தால் ஹேவ்லாக், நீல் நாட்களைக் குறைத்து ஸ்ரீ விஜயபுரத்தில் தங்குவதே சரி. சிறை, அருங்காட்சியகங்கள், கோவில் என்று அங்கே மழை நாளுக்கும் இடங்கள் உண்டு. எவ்வளவு கணக்காகத் திட்டமிட்டாலும் திரும்பிய மறுநாளே வேலைக்கோ சந்தைக்கோ போயாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாமல், ஊரிலும் ஒரு நாள் கையிருப்பாக இருக்கட்டும்.